கீழத்தெரு வரை போன மண்

அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை. முதல் பாடவேளை தொடங்கிக் கால்மணி நேரம் ஆன பிறகு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். சுடிதாரின் கால்பகுதி முழங்கால் வரை செம்மண் நிறத்தில் நனைந்திருந்தது. வழக்கமாக நேரம் தவறாதவள்.

“ஏன்மா லேட்டு?”

“வீட்ல மண்ண வாரிக் கொட்டிட்டு வர நேரமாயிடுச்சு மிஸ்.”

“வீட்டுக்குள்ள மண்ணு எப்படி வந்துச்சு?”

“நம்ம ஸ்கூல் மண்ணுதான் மிஸ். ராத்திரி மழையில வந்துச்சு.”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. மேட்டில் பள்ளி, அதற்கு மேற்கே இறக்கத்தில் கீழத்தெரு, அதையும் தாண்டி ஏரி. ஆகஸ்ட் மாதம் இரண்டு புதிய வகுப்பறைகளுக்கு வேலை தொடங்கியிருந்தது. வானம் தோண்டிய மண் மேற்குச் சுற்றுச்சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சுவரின் அடியில் மழைநீர் வெளியேற ஒரு திறப்பு உண்டு. குவியலின் அடிவாரமும் அந்தத் திறப்பும் ஒரே இடம்.

இந்த வகுப்புக்குச் சமூக அறிவியலில் ‘பாறை மற்றும் மண்’ பாடத்தை நான் ஜூன் மாதமே நடத்தி முடித்திருந்தேன். மண்ணரிப்பின் காரணங்களைக் கேட்டால் நீர், காற்று, காடழிப்பு என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இந்த மாணவியும் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் மண்ணரிப்பு என்றதும் அவர்கள் மனதில் வந்தது மலைச்சரிவும் ஆற்றங்கரையும்தான். ஜன்னலுக்கு வெளியே கிடந்த குவியல் அந்தப் பாடத்தில் சேரும் என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: “அங்க யாரு மிஸ் கொட்டச் சொன்னது?”

ஜேசிபி வந்த அன்று தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு என்னிடம் இருந்தது. “மண்ண எங்கம்மா தள்றது?” என்று ஓட்டுநர் கேட்டபோது, காலை வணக்கக் கூட்டத்துக்கு மைதானம் காலியாக இருக்க வேண்டும் என்று மட்டும் யோசித்து, கையை மேற்குப் பக்கம் நீட்டியது நான்தான். அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மதியம் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, அறிவியல் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு, மண் போன வழியே வகுப்போடு நடந்தோம். திறப்புக்கு வெளியே முதல் பத்து அடியில் கிடந்தது பருமணலும் சிறு கற்களும். கையில் எடுத்தால் நறநறவென்று இருந்தது. தெருச் சாக்கடையின் பாதி வரை மிருதுவான பொடிமண் நிறைந்து, தண்ணீர் மேலே வழிந்துகொண்டிருந்தது. மாணவியின் வீட்டுத் தரையில் கிடந்ததோ விரல்களுக்கு இடையே சோப்பு போல வழுக்கும் மெல்லிய செஞ்சேறு. அவள் அம்மா மூன்று முறை கழுவிவிட்டும் சிமெண்ட் தரையில் சிவப்பு போகவில்லை. “டீச்சர், மண்ண வாரிடலாம். இந்தச் சாயம்தான் போகமாட்டேங்குது” என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

மூன்று இடத்திலும் ஓடிய நீரையும் சேற்றையும் மூன்று பாட்டில்களில் எடுத்துவந்தோம். மண் போகும் வழியில் தன்னைத்தானே சலித்துக்கொண்டு போயிருக்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். பெரியது முதலில் உட்காரும், சிறியது தூரம் போகும். ஆறாம் வகுப்பு அறிவியலில் வரும் படியவைத்தல், தெளியவைத்து இறுத்தல் ஆகிய சொற்கள் அப்போதுதான் பயன்பாட்டுக்கு வந்தன.

பாட்டில்களைக் குலுக்கி ஜன்னல் திட்டில் வைத்தோம். முதல் பாட்டிலில் மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் நின்றது. இரண்டாவது, அன்று பள்ளி முடியும்போது ஓரளவு தெளிந்திருந்தது. மூன்றாவது பாட்டில் திங்கட்கிழமை காலையிலும் தேநீர் நிறத்தில்தான் இருந்தது.

கணக்கு இதுதான். 0.1 மி.மீ. விட்டமுள்ள மணல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிட அளவுதான் ஆகும். 0.01 மி.மீ. பொடிமண் துகளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். 0.001 மி.மீ. களிமண் துகளுக்குப் பத்து நாள்களுக்கு மேல். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஸ்டோக்ஸ் விதி, முற்றுத் திசைவேகம் என்று வருவது இதுதான். எட்டாம் வகுப்புக்குச் சூத்திரம் தேவையில்லை, மூன்று பாட்டில்கள் போதும்.

இந்த இடத்தில் நான் அவசரப்பட்டேன். பாட்டில்கள் சொன்னதை முழுதாக யோசிக்காமல், “சரி, இனி மண் வெளியே போகாமல் என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “திறப்புக்கிட்ட மூட்டை அடுக்கிடலாம் மிஸ்!” மேஸ்திரியும் நல்ல மனிதர். காலி சிமெண்ட் சாக்குகளில் மணல் நிரப்பி, திறப்பின் முன் மூன்று வரிசை அடுக்கிக் கொடுத்தார். மாணவர்கள் அதற்கு ‘அணை’ என்று பெயர் வைத்தார்கள்.

ஞாயிறு இரவு நல்ல மழை. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து பார்த்தோம். அணைக்குப் பின்னால் ஒரு தட்டு மணல் நின்றிருந்தது. ஆனால் மூட்டைகளின் ஒரு முனையில் நீர் சுற்றிக்கொண்டு ஓடி, அங்கே புதிதாக ஒரு சிறு வாய்க்காலே வெட்டியிருந்தது. கீழத்தெருவில் அதே செஞ்சேறு. மாணவியின் வீட்டில் இம்முறை வாசற்படியோடு நின்றது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஏன் என்று மூன்றாவது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினோம். மூட்டை வரிசை சல்லடை அல்ல. நீரைச் சிறிது நேரம் தேக்கி நிறுத்துவதுதான் அதன் வேலை. தேங்கும் நேரத்தில் எது அடியில் உட்காருமோ அதுதான் நிற்கும். எங்கள் அணைக்குப் பின்னால் ஒரு சாண் ஆழத்துக்கு நீர் சில நிமிடங்கள் நின்றிருக்கும். மணலுக்கு அது தாராளம். பொடிமண்ணில் பெரும்பகுதிக்கே போதாது. களிமண்ணுக்கு அது ஒரு நேரமே அல்ல. வெளிநாடுகளில் கட்டுமான இடங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் துணிவேலி கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. துணியின் கீழ்விளிம்பை 15 செ.மீ. அளவுக்கு மண்ணுக்குள் புதைக்காவிட்டால் நீர் அடியில் புகுந்து போய்விடும். இரண்டு முனைகளையும் மேட்டுப்பக்கம் வளைக்காவிட்டால் எங்கள் அணைக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும்.

களிமண் நீரில் கலந்த பிறகு கீழே நின்று பிடிக்க முடியாது என்றால், அது கலப்பதற்கு முன்பே பிடிக்க வேண்டும். அப்படியென்றால் மண்ணை முதலில் கிளப்புவது எது? ஓடும் நீர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் பாடம் நடத்தி வந்தேன். அறிவியல் ஆசிரியர் ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்தார். சமமான தரையில் ஒரு தட்டு நிறையச் செம்மண்ணை வைத்து, பின்னால் அட்டையை நிற்க வைத்து, பூவாளியால் ஆள் உயரத்திலிருந்து நீர் தெளித்தார். நீர் ஓட ஆரம்பிக்கும் முன்பே அட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்!

5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 9 மீட்டர் அளவு. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு துளியும் வெறும் மண்ணில் ஒரு சிறு குண்டு போல விழுந்து, மண்கட்டியை உடைத்து, துகள்களைத் தெறிக்கவிடுகிறது. தெறித்த துகளைத் தூக்கிக்கொண்டு போவதுதான் ஓடும் நீரின் வேலை. அதோடு, உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால் நீர் கீழே இறங்குவதும் குறைகிறது, மேலே ஓடுவது கூடுகிறது. 1940களில் எலிசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தத் துளித்தாக்கத்தை அளந்து எழுதும் வரை ஆய்வாளர்களின் கவனமும் பெரிதும் ஓடும் நீரின் மேலேயே இருந்தது. எனவே என் மாணவர்களும் நானும் தவறாகச் சொன்னதில் பெரிய வெட்கம் இல்லை.

அடுத்து, பலரும் அறிந்த மூன்று பாட்டில் சோதனை. இரண்டு லிட்டர் பாட்டில்களைப் படுக்க வைத்து மேல்பக்கம் வெட்டி, மூன்றிலும் குவியலின் மண்ணையே நிரப்பினோம். ஒன்று வெறும் மண். இன்னொன்றின் மேல் வைக்கோல். மூன்றாவதில் மைதான ஓரத்திலிருந்து வேரோடு வெட்டி எடுத்த புல்தரைத் துண்டு. ஒரே சரிவு, ஒரே அளவு நீர், ஒரே பூவாளி. வழிந்த நீரின் கலங்கலை அளக்க எங்களிடம் கருவி இல்லை. கண்ணாடி டம்ளரைச் செய்தித்தாளின் மேல் வைத்து, மேலிருந்து பார்த்தபடி நீரை ஊற்றி, எழுத்து எந்த உயரத்தில் மறைகிறது என்று அளவுகோலால் அளந்தோம். வெறும் மண் நீரில் ஒரு செ.மீ. உயரத்துக்குள் எழுத்து மறைந்துவிட்டது. வைக்கோல் நீரில் ஆறு செ.மீ. வரை தெரிந்தது. புல்தரை நீரில் டம்ளர் நிரம்பிய பிறகும் படிக்க முடிந்தது. மூன்று முறை திருப்பிச் செய்யச் சொன்னேன். எண்கள் கொஞ்சம் மாறின, வரிசை மாறவில்லை. ஒரு முறை மட்டும் செய்து முடிவு எழுதும் பழக்கத்தை உடைக்க இந்தச் சோதனை நல்ல வாய்ப்பு.

மண்ணிழப்பைக் கணக்கிட விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் உருவாக்கிய சமன்பாடு ஒன்று உண்டு. 1965-இல் அமெரிக்க வேளாண் துறை அதைக் கையேடாகவே வெளியிட்டது. விளைநிலத்துக்காக எழுதப்பட்டாலும் பின்னர் கட்டுமான இடங்களுக்கும் பயன்படுத்தினார்கள். அதில் பெருக்கப்படும் காரணிகளை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்: மழையின் வலிமை, மண்ணின் வகை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேற்பரப்பில் உள்ள மூடாக்கு, பாதுகாப்பு முறைகள். “இதுல நம்ம கையில இருக்கிறது எது?” என்று கேட்டேன். மழையை அழித்தார்கள். மண் வகையை அழித்தார்கள். மீதி எல்லாம் நம் கையில்தான் இருந்தது. பெருக்கல் என்பதால் அவற்றில் ஒன்று பாதியானாலும் மொத்தமும் பாதியாகும் என்று ஒரு மாணவன் சொன்னான். கணக்கு ஆசிரியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நீரின் அளவையும் கணக்கிட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். வேலை நடக்கும் இடம் ஏறக்குறைய 400 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை பெய்தால் 20,000 லிட்டர். அத்தனையும் ஓடாது, ஒரு பகுதி மண்ணுக்குள் போகும். ஆனாலும் லாரிச் சக்கரமும் ஜேசிபியும் அழுத்திய தரையில் அந்தப் பகுதி குறைவு.

அப்போதுதான் நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கணக்கைச் சரிபார்க்க வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த குழு ஓடி வந்தது. பழைய கட்டடத்தின் மொட்டைமாடிக் குழாய் நேராகப் புதிய வேலையிடத்துக்குள் இறங்குகிறது! மாடியின் பரப்பு 120 சதுர மீட்டர். அதே 50 மி.மீ. மழையில் 6,000 லிட்டர் சுத்தமான நீர், ஒரே இடத்தில் கொட்டி, வெறும் மண்மேல் ஓடி, குவியலின் அடியை அறுத்துக்கொண்டு திறப்புக்குப் போயிருக்கிறது. இத்தனை நாளாக அந்தக் குழாயைத் தினமும் பார்த்தபடிதான் கையெழுத்துப் போட அலுவலக அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மாணவர்கள் வரைந்த வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஒப்பந்தக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: “பேஸ்மட்டம் நிரப்ப இந்த மண்ணுதான் வேணும். தினம் எடுக்கிற மண்ண எப்படிங்க மூடி வைக்கிறது?” அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மேஸ்திரிதான் வழி சொன்னார். நிரப்ப வேண்டிய மண்ணைத் தனியாகச் சிறு குவியலாக அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் வைத்து, மாலையில் தார்ப்பாய் போடலாம். மீதியைச் சுவரோரத்திலிருந்து மேடான கிழக்குப் பக்கம் தள்ளி, சரிவைக் குறைத்துத் தட்டி, நிரந்தரமாக மூடிவிடலாம். கூட்டத்தில் இருந்த ஒரு பெற்றோர், “வேலை முடிய இன்னும் ரெண்டு மாசம். அதுக்குள்ள இதெல்லாம் எதுக்கு?” என்றார். கீழத்தெருவிலிருந்து வந்திருந்த இன்னொரு பெற்றோர் அவரைத் திரும்பிப் பார்த்ததோடு அந்தப் பேச்சு நின்றது.

சட்டம் இதைக் கேட்காதா என்று ஒரு மாணவி கேட்டாள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடத் திட்டங்களுக்குத்தான் முன் அனுமதி கேட்கிறது. இரண்டு வகுப்பறைகள் அதன் பக்கத்தில்கூட வராது. நம் ஊர்களில் நடக்கும் பெரும்பாலான வேலைகள் இந்த அளவுக்குள்தான். ஒவ்வொன்றும் சிறியது, எல்லாம் ஒரே ஏரிக்குத்தான் போகின்றன.

ஏரி என்றதும் நல்ல கேள்வி ஒன்று வந்தது. “ஏரி வண்டல் வயலுக்கு உரம்னு தாத்தா சொல்றாரு. அப்ப மண்ணு ஏரிக்குப் போனா நல்லதுதானே மிஸ்?” விவசாயிகள் ஏரி வண்டலை எடுத்துக்கொள்ள அரசே அனுமதி தருகிறது, தாத்தா சொல்வது சரிதான். அந்த வண்டலில் வயல்களின் மேல்மண்ணும், மட்கிய இலைதழையும், சாணமும் சேர்ந்திருக்கும். வானம் தோண்டிய மண்ணோ நான்கைந்து அடி ஆழத்திலிருந்து வருவது. அதில் மட்கு ஏறக்குறைய இல்லை. அது ஏரியில் இடத்தைத்தான் அடைக்கும். இதே காரணத்துக்காக, தோண்டும்போது முதலில் வரும் ஒரு சாண் மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். பின்னால் செடி வளர்க்க அதுதான் உதவும். எங்கள் குவியலில் எல்லாம் கலந்துவிட்டது. ஜேசிபி வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டியது அது.

நவம்பர் முதல் வாரத்தில் வேலை நடந்தது. முதலில் மாடிக் குழாயில் இரண்டு நீளம் பிவிசி குழாய் கூட்டி, நீரை வேலையிடத்தைச் சுற்றி மைதானப் பக்கம் திருப்பினோம். இருப்பதிலேயே குறைந்த செலவு இதுதான், பலனில் முதலிடமும் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். மேட்டுப்பக்கம் ஒரு சிறு வரப்பு போட்டு, மைதானத்திலிருந்து வரும் நீரையும் விலக்கினார்கள். கிழக்கே தட்டிய மண்ணின் மேல் பெற்றோர்கள் கொண்டுவந்த காய்ந்த தென்னை ஓலைகளைச் சரிவுக்குக் குறுக்காகப் பரப்பி, இடையில் வைக்கோல் தூவி, கல் வைத்தோம். ஓலையை மேலிருந்து கீழாக வைத்தால் மட்டைகளே வாய்க்கால் ஆகிவிடும். இதை ஒரு தடவை தவறாகச் செய்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். தென்னை நாரில் பின்னிய வலைவிரிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. நாரில் லிக்னின் அதிகம் இருப்பதால் சணலைவிட மெதுவாக மட்கும், புல் வேர்பிடிக்கும் வரை தாங்கும். மலைச்சரிவில் கட்டும் பள்ளிகளுக்கு அது பொருத்தம். எங்களுக்கு ஓலையே போதுமாக இருந்தது.

லாரி வெளியேறும் வழியில் பெரிய ஜல்லியைப் பரப்பினார்கள், சக்கரத்துச் சேறு சாலைக்குப் போகாமல் அங்கேயே உதிரட்டும் என்று. திறப்பின் முன் பழைய மூட்டைகளை எடுத்துவிட்டு, பள்ளமான ஒரு குழி வெட்டி, மூட்டைகளை அதன் வெளிவிளிம்பில் பிறை வடிவில், முனைகள் மேட்டுப்பக்கம் ஏறும்படி அடுக்கினார்கள். ‘அணை’ மறுபடி வந்தது. ஆனால் இப்போது அது கடைசிக் காவல்தான்.

நவம்பர் நடுவில் இரவெல்லாம் மழை. காலையில் நான் பள்ளிக்குப் போகாமல் நேரே கீழத்தெருவுக்குத்தான் போனேன். மாணவி வாசலில் நின்றிருந்தாள். “தண்ணி வந்துச்சு மிஸ். மண்ணு வரல. கொஞ்சம் கலங்கலா போச்சு, அவ்வளவுதான்.” பள்ளிக்கு வந்தால் அங்கே வேறு கதை. தார்ப்பாயின் மேல் விழுந்த நீரெல்லாம் ஒரே மூலையில் சேர்ந்து கொட்டி, குவியலின் அடியில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. தார்ப்பாய் மண்ணைக் காக்கும். ஆனால் ஒரு துளியைக்கூட உறிஞ்சாது, முழு நீரையும் விளிம்புக்கு அனுப்பிவிடும். ஓலையும் வைக்கோலும் அப்படியில்லை. மறுநாள் அந்த மூலையின் கீழே உடைந்த செங்கல்லும் ஜல்லியும் கொட்டிச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு குழு வேலியின் வெளியே நின்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்ற ஏற்பாடு அன்றுதான் வந்தது. குழி பாதி நிறைந்தால் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். நிறைந்த குழியில் நீர் நிற்காது, நிற்காத நீரில் எதுவும் படியாது.

நடுவில் ஒரு சுவையான கிளைக்கதை. மூன்றாவது பாட்டிலைப் பற்றி வீட்டில் கேட்ட ஒரு மாணவனின் பாட்டி, தேத்தாங்கொட்டை இரண்டைக் கொடுத்துவிட்டிருந்தார். மண்பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றித் தெளியவைப்பது அவர்கள் வீட்டுப் பழக்கமாம். செய்து பார்த்தோம். நாள்கணக்கில் தெளியாத நீர் மதியத்துக்குள் பெருமளவு தெளிந்தது. பக்கத்தில் படிகாரம் போட்ட பாட்டிலும் அப்படியே. களிமண் துகள்கள் எதிர்மின் சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். படிகாரத்திலிருந்து வரும் நேர்மின் அயனிகள் அந்தச் சுமையைக் குறைப்பதால் துகள்கள் ஒட்டிப் பெரிதாகி இறங்கிவிடுகின்றன. தேத்தாங்கொட்டையில் உள்ள பொருள்களும் துகள்களை ஒன்றுசேர்த்துத் திரட்டிவிடுகின்றன. “அப்ப குழியில தேத்தாங்கொட்டை போட்டுடலாமே மிஸ்!” 20,000 லிட்டருக்கு எத்தனை கொட்டை வேண்டும் என்று கணக்கிட்டுவிட்டு, அவனே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

உங்கள் பள்ளியில் இதைச் செய்ய நினைத்தால் முதலில் பாதுகாப்பு. மழை நனைத்த வானத்தின் பக்கச் சுவர் எப்போது வேண்டுமானாலும் சரியும். எங்கள் மாணவர்கள் ஒரு நாளும் கயிற்றைத் தாண்டி வேலையிடத்துக்குள் போகவில்லை. அங்கே செய்ய வேண்டியதை எல்லாம் பணியாளர்களே செய்தார்கள். கிழக்கு மேட்டில் ஓலை பரப்பியது மட்டும் எங்கள் வேலை, அதுவும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் உடன் நிற்க, ஜேசிபி போன பிறகு. சாக்கடை நீரை எடுக்கும்போது கையுறையும், பிறகு சோப்பும் கட்டாயம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வெள்ளை அட்டைச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அதே தட்டின் மேல் ஒரு பிடி வைக்கோலைப் போட்டு மறுபடி தெளித்தால் மீதியை அவர்களே சொல்வார்கள். ஆறாம் வகுப்புக்கு மண் பாட்டில்: பாதி மண், பாதி நீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டுக் குலுக்கி, ஒரு நிமிடம், இரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்துப் பார்த்து அடுக்குகளைக் குறிக்கச் சொல்லலாம். சலவைத்தூள் களிமண் கட்டிகளைப் பிரித்துவிடும். கட்டட வேலை நடக்காத பள்ளி என்றாலும் பரவாயில்லை. மழை பெய்த மறுநாள், பள்ளியிலிருந்து வெளியேறும் நீரின் பாதையில் ஒரு பாடவேளை நடந்து பாருங்கள். மாணவர்களில் யார் வீடு அந்தப் பாதையின் முடிவில் இருக்கிறது என்று கேளுங்கள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றாமல், ஒரு மாணவி முழங்கால் சேற்றோடு வந்து சொல்ல வேண்டியிருந்தது.

வகுப்பறைகள் இப்போது பூச்சு முடிந்து நிற்கின்றன. கிழக்கு மேட்டில் ஓலைகளுக்கு இடையே புல் வந்துவிட்டது. கீழ்விளிம்பில் ஒரு வரிசை வெட்டிவேர் நட்டிருக்கிறோம். அடுத்து கழிப்பறைக் கட்டடத்துக்கு ஜனவரியில் வானம் தோண்ட வருகிறார்கள். மண்ணை எங்கே கொட்டுவது என்ற வரைபடம் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு வாரமாக அழிக்கப்படாமல் இருக்கிறது. வேப்பமரத்தடி மேடான இடம் என்கிறது ஒரு குழு. அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்றினால் வேருக்குக் காற்று போகாது என்கிறது இன்னொரு குழு. கீழத்தெரு மாணவி இரண்டாவது குழுவில் இருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை மேஸ்திரியை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம்.